21 நாள் கட்டுச்சோறு

சத்து அட்டவணையைத் திறந்து வைத்துப் பார்த்தால் முட்டை ஒன்றும் பெரிய ஆளில்லை. நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையில் 25, சோயாவில் 36. அதே எடைக்குக் கோழி முட்டையில் இருப்பது 12.5 முதல் 13 கிராம்தான். முக்கால் பங்கு தண்ணீர். ஆனாலும் புரதம் எதில் அதிகம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் முதலில் முட்டை என்றுதான் பதில் வரும். டாக்டரும் அதையே சொல்கிறார், ஜிம் மாஸ்டரும் அதையே சொல்கிறார். எண்ணிக்கையில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு இந்தப் பெயர் எப்படிக் கிடைத்தது?

சமாதானம் ஒன்று கைவசம் உண்டு. பருப்பை யாரும் உலர்ந்தபடி மென்று தின்பதில்லை. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு வேளைச் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போட்டால் தலைக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தரை கிராம். ஒரே ஒரு முட்டையில் 6 கிராமுக்குச் சற்றுக் கூடவே கிடைத்துவிடுகிறது. தண்ணீரைக் கழித்து உலர்ந்த எடையில் கணக்குப் போட்டால் முட்டையில் பாதி புரதம். வாதம் சரிதான், ஆனால் இதோடு விஷயம் தீரவில்லை. எவ்வளவு என்பதை விட்டுவிட்டு என்ன வகை, எதற்காக என்று கேட்கத் தொடங்கினால்தான் முட்டை பிடிபடும். அதற்குக் கோழியின் பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு முட்டையை உடைத்து எவர்சில்வர் தட்டில் ஊற்றிப் பாருங்கள். புது முட்டை என்றால் மஞ்சள்கரு எழும்பி நிற்கும். அதை ஒட்டிக் கெட்டியான வெள்ளை. அதற்கு வெளியே நீர்த்து ஓடும் வெள்ளை. மஞ்சளின் இரு பக்கமும் முறுக்கிய வெள்ளைப் புரி ஒன்று தெரியும். பலர் அதைத்தான் குஞ்சாகப் போகும் கரு என்று நினைத்துக் கரண்டியால் எடுத்துப் போடுகிறார்கள். அது மஞ்சளை நடுவில் பிடித்து நிறுத்தும் புரத இழை, அவ்வளவே. குஞ்சு உருவாகும் இடம் மஞ்சளின் மேல்பரப்பில் உள்ள சிறிய வெளிறிய புள்ளி. சேவலோடு சேராத பண்ணைக் கோழி இட்ட முட்டையிலும் அந்தப் புள்ளி உண்டு. ஆனால் அது வளராது. ஓட்டுக்குள் மிச்சம் இருப்பதெல்லாம் அந்தப் புள்ளிக்காகச் சேர்த்து வைத்த தீனி.

பாலூட்டியின் கருவுக்குத் தொப்புள்கொடி வழியே தாயின் ரத்தத்திலிருந்து வேண்டியது வந்துகொண்டே இருக்கும். கோழிக்குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் உள்ளே போகும், கரியமில வாயுவும் நீராவியும் வெளியே வரும். வேறு எந்தப் போக்குவரத்தும் கிடையாது. கண், அலகு, நகம், மென்தூவி, பொரித்த அன்றே ஓடக்கூடிய கால் எல்லாவற்றையும் 21 நாளில் உள்ளே இருப்பதைக் கொண்டே கட்ட வேண்டும். கோழி கட்டிக் கொடுப்பது 21 நாள் கட்டுச்சோறு. வழியில் கடை இல்லை, மறந்ததை எடுக்கத் திரும்பி வரவும் முடியாது.

இந்த மூடிய பெட்டியின் வரவு செலவை வேதியியல் கண்ணோடு விரிவாக எழுதியவர் கேம்பிரிட்ஜின் ஜோசப் நீதம். பிற்காலத்தில் சீன அறிவியல் வரலாற்றுக்காகப் புகழ்பெற்ற அதே நீதம், 1931இல் கருவின் வேதியியல் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். குஞ்சு வளரச் செலவாகும் எரிபொருளில் பெரும்பகுதி மஞ்சளில் உள்ள கொழுப்பிலிருந்து வருகிறது. புரதம் எரிக்கப்படுவது குறைவு. உடம்பு கட்டுவதற்கென்று அது காப்பாற்றப்படுகிறது. எரியும் சிறிதளவு புரதத்தின் கழிவையும் குஞ்சு கரையாத யூரிக் அமிலமாக்கி ஒரு பைக்குள் ஒதுக்கிவிடுகிறது. அப்படிச் செய்யாவிட்டால் தன் கழிவிலேயே அது நஞ்சேறிச் செத்துப்போகும். மாவுச்சத்து முட்டையில் ஒரு கிராம்கூட இல்லாததற்கும் காரணம் இதே இடநெருக்கடிதான்: எடைக்கு எடை கொழுப்பு தரும் ஆற்றலில் பாதிகூட மாவு தராது.

இனிதான் முக்கியமான இடம். விதையும் ஒரு கட்டுச்சோறுதானே, பருப்பில் உள்ள புரதமும் ஒரு முளைக்காகச் சேர்த்து வைத்ததுதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் செடியின் முளைக்கு ஒரு திறமை இருக்கிறது. புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் இருபதையும் அதனால் தானே செய்துகொள்ள முடியும். ஆகவே விதையில் சேமித்த புரதம் எந்த அமிலத்தில் அதிகம், எதில் குறைவு என்பது அதற்குப் பெரிய சிக்கல் இல்லை. நைட்ரஜன் இருப்பு இருந்தால் போதும், தேவைப்படி மாற்றிக்கொள்ளும். விலங்குக்கு அந்தத் திறமை கிடையாது. இருபதில் ஒன்பதை மனித உடலால் செய்ய முடியாது. கோழிக்குஞ்சாலும் முடியாது, அதற்கு இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகவே வெளியிலிருந்து வேண்டும். எனவே தாய்க்கோழி அந்த ஒன்பதையும் உடம்பு கட்டத் தேவையான விகிதத்தில் முட்டைக்குள் வைத்தே ஆக வேண்டும். ஒன்று குறைந்தாலும் குஞ்சு அந்த இடத்தில் நின்றுவிடும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு, முட்டையில் இரண்டும் தாராளம் என்ற வேறுபாடு இங்கிருந்துதான் பிறக்கிறது. மெத்தியோனினும் சிஸ்டைனும் கந்தகம் கொண்டவை. அதிக நேரம் வேகவைத்த முட்டையில் எழும் வாடையும் மஞ்சளைச் சுற்றிப் படியும் பச்சைச் சாம்பல் வளையமும் அந்தக் கந்தகத்தின் வேலை.

இது வெறும் ஊகமல்ல என்பதற்கு முட்டையில் இல்லாத பொருள்கள் சாட்சி. முட்டையில் வைட்டமின் சி கிடையாது. கோழிக்குஞ்சு அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். எலும்புக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டுமே என்றால், வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்தே முப்பது மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. குஞ்சு ஓட்டைக் கரைத்து வேண்டிய கால்சியத்தை எடுத்துக்கொள்கிறது. ஓட்டை உரித்துக் குப்பையில் போடுகிற மனிதருக்கு அது கிடைப்பதில்லை. முட்டை முழுமையான உணவு என்று விளம்பரங்கள் சொல்லும்போது யாருக்கு முழுமை என்று ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது.

முட்டைக்குள் இந்தப் புரதம் வந்து சேரும் வழியும் விசித்திரமானது. மஞ்சளின் புரதம் சூலகத்தில் உருவாவதில்லை, கல்லீரலில் உருவாகிறது. ஈஸ்ட்ரோஜன் உத்தரவு கொடுத்ததும் கோழியின் கல்லீரல் வைட்டலோஜெனின் என்ற பெரிய புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது; சூலகத்தில் வளரும் கருமுட்டை அதை உறிஞ்சித் துண்டுகளாக்கிச் சேமிக்கிறது. அதில் ஒரு துண்டான ஃபாஸ்விட்டின் பாஸ்பரஸை நிறைய ஏந்தி இரும்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். முட்டையில் உள்ள இரும்பு நம் உடலில் சரியாகச் சேராமல் போவதற்கு இந்தப் பிடியும் ஒரு காரணம். வெள்ளை வேறு கதை. முதிர்ந்த மஞ்சள் முட்டைக்குழாயில் விழுந்து உருண்டு வரும்போது, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஒரு பகுதியில் தங்குகிறது. அங்கே உள்ள சுரப்பிகள் முன்கூட்டியே செய்து வைத்த வெள்ளைப் புரதத்தை அதன் மேல் பூசிவிடும். பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகச் சவ்வு வேலை, அதன் பின் இருபது மணி நேரம் போல ஓடு. இட்டு முடிக்க ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகிறது. முட்டைக்கோழி இடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போய், இடையில் ஒரு நாள் விடுமுறை எடுப்பது இதனால்தான்.

வெள்ளை வெறும் தீனி மட்டுமல்ல, காவலும்கூட. சூடான, ஈரமான, சத்து நிறைந்த ஒரு பொருள் வைக்கோலில் மூன்று வாரம் கெடாமல் கிடக்க வேண்டும் என்றால் கிருமிகளை யாராவது தடுத்தாக வேண்டும். வெள்ளையின் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அது பெரும்பாலும் சேமிப்பு. அடுத்து வரும் ஓவோடிரான்ஸ்ஃபெரின் இரும்பைக் கவ்விக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடுகிறது. ஓவோமியூகாய்டு புரதத்தைச் செரிக்கும் நொதியைக் கட்டிப்போடுகிறது. மிகச் சிறிதளவே உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்தால் விடாது. லைசோசைம் கிருமியின் சுவரையே அறுக்கிறது. பென்சிலினுக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதற்கு முன்னாலேயே, ஜலதோஷத்தில் வடிந்த தன் மூக்குச்சளியில் லைசோசைமைக் கண்டு 1922இல் அறிவித்தார். அது முட்டை வெள்ளையில் ஏராளமாக இருப்பதும் தெரியவந்தது. 1965இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவிட் பிலிப்ஸ் குழுவினர் எக்ஸ்ரே கொண்டு ஒரு நொதியின் முப்பரிமாண வடிவத்தை முதன்முதலாக வரைந்தபோது எடுத்துக்கொண்டதும் கோழி முட்டை லைசோசைமைத்தான். பின்னே, மளிகைக் கடையில் கிடைக்கும் சுத்தமான புரதம் வேறு எது?

இந்தக் காவல்காரர்கள் கிருமியை மட்டும் தடுப்பதில்லை, முட்டையைப் பச்சையாகக் குடிப்பவரின் செரிமானத்தையும் தடுக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி நல்லெண்ணெயும் கொடுக்கும் பழக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. ஜிம்முக்குப் போகும் பையன்கள் டம்ளரில் நாலைந்தை உடைத்து ஒரே மூச்சில் விழுங்குவதும் உண்டு. பெல்ஜியத்தின் லூவனில் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. சிறுகுடலின் முனையை வயிற்றில் இட்ட துளை வழியே வெளியே திறந்துவிடும் அறுவை செய்துகொண்ட ஐந்து நோயாளிகளுக்கு அடையாளமிட்ட முட்டைப் புரதம் கொடுத்து அளந்தபோது, வேகவைத்ததில் 91 சதவீதம் செரித்தது; பச்சையில் 51 சதவீதம்தான். ஆள் எண்ணிக்கை சிறியது. ஆனால் வித்தியாசம் பெரியது, காரணமும் வேதியியலோடு பொருந்துகிறது. சூட்டில் புரத இழைகள் பிரிந்து விரியும்போது செரிமான நொதிகளுக்கு வழி கிடைக்கிறது, தடை செய்யும் புரதங்களும் பெருமளவு செயலிழக்கின்றன.

டீக்கடை ஆஃப்பாயில் இந்த வேதியியலை அறியாமலேயே பாதி சரியாகச் செய்கிறது. தடை செய்யும் சரக்கு அநேகமாக முழுக்க வெள்ளையில்தான். வெள்ளை வெந்து இறுகியிருந்தால் மஞ்சள் ஓடினாலும் செரிமானத்துக்குக் குறைவில்லை. வெள்ளை அறுபது டிகிரியைத் தாண்டியதும் கலங்கத் தொடங்கினாலும், ஓவால்புமின் இறுக எண்பது டிகிரி வேண்டும். ஓரம் மொறுமொறுப்பாகி நடுவில் கண்ணாடிபோல் நிற்கும் வெள்ளையை வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவது நியாயமே. சால்மோனெல்லா கிருமி ஓடும் மஞ்சளில் பிழைத்திருக்கலாம் என்பது தனி விஷயம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுக்க வேகவைத்ததே சரி.

ஜிம்காரர்களின் இன்னொரு பழக்கம் மஞ்சளைத் தூர எறிவது. 6.3 கிராம் புரதத்தில் வெள்ளையில் இருப்பது 3.6, மஞ்சளில் 2.7. எடைக்கு எடை பார்த்தால் வெள்ளையில் 11 சதவீதமும் மஞ்சளில் 16 சதவீதமும் புரதம். ஆக எறிவது நாற்பது சதவீதத்துக்கு மேல். கொலஸ்ட்ரால் பயம் இதற்குக் காரணம். ஒரு முட்டையில் 186 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று நெடுநாள் சொல்லிவந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டது. சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டியது இன்றும் மாறவில்லை.

முட்டையை உச்சியில் உட்காரவைத்ததில் அறிவியலுக்கும் பங்குண்டு. அந்த வரலாறு கொஞ்சம் சுவாரசியமானது. உண்ட புரதத்தின் நைட்ரஜனில் எவ்வளவு உடலில் தங்குகிறது என்று அளக்கும் முறையை ஜெர்மனியின் கார்ல் தாமஸ் 1909இல் முன்வைத்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ், அப்போது தெரிந்திருந்த அமினோ அமிலங்களை மட்டும் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவை வளரவில்லை; ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று தேடி 1935இல் த்ரியோனினைக் கண்டார். பின்னர் தன் மாணவர்களுக்கே சோள மாவு, சர்க்கரை, வெண்ணெய்க் கொழுப்போடு சுத்த அமிலக் கலவையைக் கொடுத்து, எது இல்லாவிட்டால் உடல் சமநிலை இழக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியவர்களுக்கு எட்டு அத்தியாவசியம் என்றார்; ஹிஸ்டிடினும் சேர்ந்து ஒன்பதானது பிற்பாடு. 1946இல் பிளாக்கும் மிட்செலும் ஒவ்வோர் உணவின் அமினோ அமிலங்களையும் முழு முட்டையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். முட்டையே அளவுகோல். அளவுகோலுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அந்தச் சலுகை பிறகு பறிக்கப்பட்டது. 1973இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் முட்டையை விட்டுவிட்டு மனிதரின் தேவையையே அளவுகோலாக்கின. 1991இல் செரிமானத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறை வந்தது. 2013இல் இன்னும் நுட்பமாகச் சிறுகுடலின் முடிவில் அளக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டது. முறை மாறியும் முட்டை மேல்வரிசையைவிட்டு இறங்கவில்லை. பாலும் அதே வரிசையில்தான். கன்றுக்காகச் சுரந்ததும் குஞ்சுக்காகச் சேர்த்ததும் முன்னுக்கு நிற்பதன் காரணம் மேலே சொன்னதுதான்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரரிடம் பேசினால் வேறொரு கணக்கு கிடைக்கும். முட்டைக்கோழி நாளொன்றுக்கு 110 கிராம் போலத் தீவனம் தின்னும்: மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, சுண்ணாம்புக்கல் அல்லது கிளிஞ்சல், இன்னும் சில. அதில் 17 சதவீதம் புரதம் என்று வைத்தால் உள்ளே போவது 18 கிராமுக்கு மேல், முட்டையாக வெளியே வருவது 6 கிராம் சொச்சம். மூன்றில் ஒரு பங்குதான் தேறுகிறது. மக்காச்சோளம், சோயாக் கலவையில் முதலில் தட்டுப்படுவது மெத்தியோனின் என்பதால் அதைச் செயற்கையாகத் தயாரித்துத் தீவனத்தில் கலக்கிறார்கள். கலக்காவிட்டால் முட்டையின் புரதம் மட்டமாகுமா? ஆகாது. புரதத்தின் வரிசை மரபணுவில் எழுதப்பட்டது. சரக்கு குறைந்தால் கோழி முட்டையைச் சிறிதாக்கும், எண்ணிக்கையைக் குறைக்கும், கலப்படம் செய்யாது.

நாட்டுக்கோழி முட்டையா, பண்ணை முட்டையா என்ற நித்திய வழக்குக்கும் இதிலிருந்து பதில் எடுக்கலாம். எடைக்கு எடை புரதத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நாட்டுக்கோழி முட்டை சிறியது என்பதால் ஒரு முட்டைக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும். மஞ்சளின் அடர்நிறம் கோழி தின்ற கீரை, பச்சை, சோளத்திலிருந்து வருவது. ஓடு பழுப்பா வெள்ளையா என்பது இனத்தைப் பொறுத்தது. சுவைக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் கொடுக்கட்டும், புரதத்துக்காக வேண்டாம்.

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை கொடுத்தால் உயரம் கூடுமா? எக்வடாரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. வளர்ச்சிக் குறைபாடு 47 சதவீதம் குறைந்தது என்ற முடிவு உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. அதே முறையை மலாவியில் இன்னும் அதிகக் குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது உயரத்தில் பலன் தெரியவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டு வந்ததும், தொடக்கத்திலேயே குறைபாடு அவ்வளவு கடுமையாக இல்லாததும் காரணமாகச் சொல்லப்பட்டன. புரதம் ஏற்கெனவே கிடைக்கிற இடத்தில் முட்டை கூட்டிக் கொடுப்பது குறைவு, கிடைக்காத இடத்தில் அதிகம் என்று படிப்பது பொருத்தமாக இருக்கும்.

தமிழ்நாட்டுச் சத்துணவுக் கூடம் பெரும்பாலும் இரண்டாவது வகை. சோறும் சாம்பாரும் தட்டில் நிறையும்; லைசின் நிறைந்த உணவு குறைவு. எம்.ஜி.ஆர். 1982இல் தொடங்கிய திட்டத்தில் 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. படிப்படியாக ஏறி 2010இல் வாரம் ஐந்தானது. 2013இல் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று சுவையும் கூடியது. பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்தது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம், அதில் முட்டை எட்டில் ஒரு பங்கு. இருபது கிலோ பிள்ளைக்கு அதே முட்டை மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். இதில் தயவுதாட்சண்யம் இருக்கிறது, புரதம் இல்லை. ஒரு பழத்தில் ஒரு கிராம் தேறினால் அதிகம். திட்டத்தில் ஏற்கெனவே கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் உண்டு. இருபது கிராம் கடலையை வேகவைத்தால் நாலு கிராம் புரதம் கிடைக்கும், அரிசியில் குறைவாக உள்ள லைசினும் அதில் உண்டு. பழத்துக்குப் பதிலாக ஐந்து நாளும் அந்தப் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தால் முட்டைக்கு ஓரளவாவது ஈடாகும். முந்தின நாளே கடலையை ஊறப்போட சமையலர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், எரிவாயுவும் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.